அக்காவின் பல்லைத் திருத்தியவர்கள்

ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தங்கை எழுதுவது.

இந்தப் பக்கத்தில் மறைந்தவரின் அன்பையும் பொறுமையையும் எழுதுவது வழக்கம். அக்காவிடம் அன்பு இருந்தது. பொறுமை கிடையாது. எனக்கு இரண்டுமே கொஞ்சம் குறைவுதான். உங்களில் பலர் மீது எனக்குக் கோபம் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை.

அக்கா கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பா ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். பிள்ளைகள் மூவரில் அக்கா மூத்தவர். அடுத்தது அண்ணன். அக்காவுக்குப் பதினோரு வருடம் கழித்து நான். அக்காவின் முன்பற்கள் நான்கும் உதட்டைத் தாண்டி நீண்டிருக்கும். வாயை மூட வேண்டுமென்றால் மேலுதட்டை இழுத்துப் பிடிக்க வேண்டும். பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று வீட்டார் பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார்கள். அதில் ஒரு மாப்பிள்ளையின் அம்மா, அக்கா கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து, "குடிம்மா, பாக்கறேன்" என்றார். உதடு மூடுகிறதா என்று பார்க்கத்தான்.

அம்மாவின் அக்காவான எங்கள் பெரியம்மா அன்றைக்கே சொன்னார்: "அந்த நாலு பல்லையும் புடுங்கிட்டு செட்டு பல்லு வச்சிக்கடி."

"பல்லு வலிக்கலயே பெரியம்மா. எதுக்குப் புடுங்கணும்?" என்றார் அக்கா. அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது.

இரண்டு வருடம் கழித்து சிதம்பரத்திலிருந்து மாமா பெண் பார்க்க வந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை. எதையும் குடிக்கச் சொல்லவில்லை. சம்மதம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனார். திருமணம் எங்கள் பங்குக் கோயிலில் நடந்தது.

அதன்பின் அக்கா கிராம சுகாதார செவிலியராகி, கீரப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் பணிக்காலம் முழுவதையும் கழித்தார். வெள்ளம் வந்த வருடங்களில் தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து போனவர் அவர். அந்த ஊர்களில் அவருக்குப் பல்லு நர்ஸு என்று பெயர். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா ஃபோனில் வழி சொல்லும்போது, "பஸ் ஸ்டாப்ல எறங்கி பல்லு நர்ஸு எங்கன்னு கேளுங்க, யாரா இருந்தாலும் காட்டுவாங்க" என்று அவரே சொல்வார்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. அதற்கும் பல்லைக் காரணம் சொன்ன உறவினர் ஒருவர் உண்டு. இந்த மலர் அவர் கைக்கும் போயிருக்கும். நன்றாகப் படிக்கட்டும்.

கடைசி பதினோரு மாதம் டயாலிசிஸ். கடைசி வாரத்தில் ஒரு சின்னப் பெண், புதிதாக வந்த நர்ஸ், நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்திவிட்டு அழுதுவிட்டார். "அழுவாத. கைய மாத்து. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேல பாரு" என்று அக்கா படுத்தபடியே சொல்லிக் கொடுத்தார். நான் அந்தப் பெண்ணைத் திட்டுவதற்கு வாயெடுத்திருந்தேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

ஆண்டு நினைவு நெருங்கியதும் கனடாவிலிருந்து அண்ணன் பேசினார். கல்யாண வீடியோ கேசட்டை ஏஐ வைத்துத் தெளிவாக்கி பங்கு மண்டபத்தில் போட வேண்டும் என்றார். மாமாவின் பீரோவில் கேசட் இருந்தது. சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தோம். ஒரு வாரத்தில் குடும்பக் குழுவுக்கு வாட்ஸாப்பில் ஒரு துண்டு வந்தது.

அதில் இருந்த பெண்ணை எனக்குத் தெரியாது. அக்காவின் புடவை, அக்காவின் மாலை, அக்காவின் முக்காடு. நடுவில் யாரோ ஒருத்தி. பற்கள் வரிசையாக இருந்தன. நிறம் இரண்டு படி ஏறியிருந்தது. கன்னத்து மச்சம் போயிருந்தது. வாய் திறக்கும் இடங்களில் உதடு மட்டும் தனியாக, ஒட்டவைத்த காகிதம் போல நகர்ந்தது. குழுவில் இதயங்கள் குவிந்தன. "தேவதை மாதிரி இருக்காங்க" என்று எழுதினீர்கள். அத்தனை பேரையும் எனக்கு நினைவிருக்கிறது.

அண்ணனுக்கு ஃபோன் போட்டேன்.

"யாருண்ணே அது?"

"என்னா கேள்வி இது? அக்காதான். கொஞ்சம் நல்லா தெரியற மாதிரி பண்ணியிருக்காங்க. எல்லாரும் பாக்கப் போறாங்க, கௌரவமா இருக்கட்டுமே."

"அப்ப அவ மூஞ்சி கௌரவக் கொறச்சலா ஒனக்கு?"

"நீ எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு வா" என்று அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். வழியில் செல்லம்மா அக்காவையும் அழைத்துக்கொண்டேன். அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தவர். அக்காவோடு இருபது வருடம் ஊர் ஊராக நடந்தவர். ஸ்டுடியோவில் இந்த வேலையைச் செய்தது சங்கீதா என்ற பெண். முப்பது வயது இருக்கும். அவரிடம் நான் மரியாதையாகப் பேசவில்லை. இங்கே அதற்கு வருத்தம் தெரிவிக்கிறேன்.

"யார கேட்டு பல்ல மாத்தினீங்க?" என்றேன்.

"நான் மாத்தல மேடம். முகத்துக்குன்னே ஒரு ஏஐ மாடல் இருக்கு, அத ஓட்டினேன். பழைய கேசட்டுல முகம் சின்னதா, கலங்கலா இருக்கும். அதுக்குத் தெரியாத எடத்துல, தனக்குத் தெரிஞ்ச முகங்கள வச்சு நெரப்பிடும்."

"அதுக்குத் தெரிஞ்ச முகம்னா?"

சங்கீதா கொஞ்சம் தயங்கினார். "பெரும்பாலும் அழகான முகம் மேடம்."

உண்மையைச் சொன்னதற்காக அந்தப் பெண் மீது கோபம் பாதி இறங்கியது. உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தோம். முதலில் அதே முக மாடலை அளவைக் குறைத்து ஓட்டினார். அது இன்னும் மோசம். ஒரு நொடி பல் நீண்டிருந்தது, மறு நொடி உள்ளே போனது, மறுபடி வெளியே வந்தது. செல்லம்மா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பேய் புடிச்ச மாதிரி இருக்கு. நிறுத்தச் சொல்லும்மா."

அடுத்தது பழைய படத்தில் பொரியும் புள்ளிகளை எல்லாம் நீக்கும் மாடல். பல் இருந்தது. ஆனால் தோல் மெழுகாகிவிட்டது. புடவையில் ஜரிகையே இல்லை. "இதுவும் நர்ஸம்மா இல்ல" என்றார் செல்லம்மா அக்கா.

"அப்ப முகத்துக்கான மாடலே வேணாம்" என்றார் சங்கீதா. "கேசட்டுல ஆளுங்க அசையும்போது ஓரத்துல சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருதில்ல, அத மட்டும் எடுக்கறேன். புள்ளிய லேசா கொறைக்கறேன். நாலு மடங்கு பெரிசாக்க வேணாம், ரெண்டு மடங்கு போதும். ஜாஸ்தி பெரிசாக்கினா அது ஜாஸ்தி கற்பன பண்ணும். ஆனா கலங்கல் இருக்கும் மேடம், பரவால்லயா?"

"இருக்கட்டும்" என்றேன்.

ஓடியது. கலங்கலாகத்தான் இருந்தது. செல்லம்மா அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "ஆங், இது அவுங்கதான்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் நான் ஜெயித்தவளாக இருந்திருப்பேன். அந்தப் படத்தில் எங்கள் வீட்டுக் கூடம் வருகிறது. கோயிலுக்குக் கிளம்பும் முன் எடுத்தது. வீடியோவுக்கு விளக்குப் பிடித்தவர் வயரில் கால் இடறி, நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். அக்கா வாய்விட்டுச் சிரிக்கிறார். யாரோ என்னவோ சொல்கிறார்கள். அக்கா சட்டென்று மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்கிறார். அதன்பின் திருப்பலி, மோதிரம், கேக், விருந்து, எதிலும் அக்கா வாய் திறக்கவில்லை. அன்று அக்காவின் வாயை மூடவைத்தது பெரியம்மாதான் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடமாக எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அம்மா இறந்தபோது கூட அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் பெரியம்மாவிடம் பேசாமல் இருந்தேன். படத்தில் மட்டும், வாசலில் வாசித்த பேண்டு வாத்தியத்தில் அந்தக் குரல் மூழ்கியிருந்தது.

"சத்தத்தையும் சுத்தம் பண்ண முடியுமா?" என்று கேட்டேன். பெரியம்மாவின் குரலை மண்டபத்தில் அத்தனை பேரும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சங்கீதா பேண்டு சத்தத்தைக் குறைத்துப் போட்டுக் காட்டினார்.

"அக்கா, வாய மூடு. பல்லு தெரியுது."

ஒரு சிறுமியின் குரல். அந்தக் கூடத்தில் அக்காவை அக்கா என்று கூப்பிடும் சிறுமி ஒருத்திதான் இருந்தாள். எனக்கு அப்போது பதிமூன்று வயது.

"இதுவும் மிஷின் பண்ணின வேல" என்றேன். "பல்ல மாத்தினிச்சு இல்ல, அந்த மாதிரி."

"சத்தத்துல எதையும் சேக்கல மேடம். வாத்தியத்த மட்டும் கொறச்சேன்." கேசட்டிலிருந்து நேராக எடுத்ததைப் போட்டு ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார். வாத்தியத்துக்கு அடியில் அதே குரல் மெல்லியதாக இருந்தது. நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருக்கிறேன். சாட்சி சொல்வதைக் கேட்டு, கேட்டபடி அடிப்பது என் தொழில். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே சொற்கள்.

இரண்டு நாள் கழித்து முதுநகரில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொன்னேன்.

"நீதான் சொன்ன. எனக்குத் தெரியும்" என்றார். "பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

"அப்ப ஏன் பெரியம்மா நீங்க யார்கிட்டயும் சொல்லல?"

"பல்லப் புடுங்கச் சொன்னது நாந்தான். அத நான் மறைக்கல. வாய மூடச் சொன்னது நீ. ஒங்கக்காகிட்ட சொன்னேன், இவ எம்மேல பழி போடறாளேன்னு. அவ, சின்னப் புள்ள, மறந்துட்டிருப்பா, விடுங்க பெரியம்மான்னா. அவ சொன்னதுக்காவ விட்டேன். ஒனக்காவ இல்ல."

மன்னிப்புக் கேட்டேன்.

"கேட்டுட்ட இல்ல, கெளம்பு" என்றார்.

அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது. முப்பது வருடத்தில் ஒரு தடவை கூட என்னிடம் சொல்லவில்லை. அக்காவிடம் பொறுமை கிடையாது என்று மேலே எழுதினேன். அந்த வரியை அடித்து நீக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அக்காவை நான் தெரிந்துவைத்திருந்த லட்சணம் அதுதான்.

செய்தி கேட்டு அண்ணன் திரும்பவும் பேசினார். "ஒன் பேச்ச மட்டும் கட் பண்ணிடச் சொல்லு. யாருக்கும் தெரியப் போறதில்ல" என்றார். என் மீதுள்ள பிரியத்தில் சொன்னார் என்று தெரிகிறது. முடியாது என்று சொல்லிவிட்டேன். அக்காவின் பல்லைச் சரிசெய்ய விடாத நான், என் வார்த்தையை மட்டும் சரிசெய்துகொள்ள முடியாது.

அக்காவின் நோய்க்காலத்தில் வாரம் இரண்டு நாள் ஆட்டோ ஓட்டி அழைத்துப் போன பக்கத்து வீட்டுக்காரருக்கும், நாற்காலி போட்டுக்கொண்டு வார்டு வாசலிலேயே கிடந்த மாமாவுக்கும், டயாலிசிஸ் பிரிவு ஊழியர்களுக்கும், பங்குத்தந்தைக்கும், கீரப்பாளையம் பக்கத்திலிருந்து அடக்கத்துக்கு வேன் வைத்து வந்த தாய்மார்களுக்கும், என் ஏச்சைப் பொறுத்துக்கொண்டு நான்கு முறை வேலை செய்த சங்கீதாவுக்கும், செல்லம்மா அக்காவுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

இன்று திருப்பலி முடிந்ததும் மண்டபத்தில் படத்தைப் போடுவோம். படம் கலங்கலாக இருக்கும். விளக்குக்காரர் விழுந்ததும் அக்கா சிரிப்பார், உடனே ஒரு குரல் கேட்கும். அது என்னுடையது. பெரியம்மா வரவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவரைப் பற்றி என் வாயால் தவறாகக் கேட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் முதுநகரில் இறங்கி, அவர் வீட்டு வாசலில் ஒரு நிமிடம் நின்று, அது பெரியம்மா இல்லை என்று தெரிந்துகொண்டோம் என அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார்.