நாற்காலியை விட்டு எழுந்தவள்

பல் துலக்கும்போது இடது காலில் நிற்கிறாள். வாய் கொப்பளிக்கும்போது வலது காலுக்கு மாறிக்கொள்கிறாள். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது. வெளியே அம்மாவின் குரல் கேட்கிறது: "உள்ள என்னடி பண்ற இவ்வளவு நேரம்? குடித்தனம் போயிட்டியா?" நுரை நிறைந்த வாயோடு, "வந்துட்டேம்மா" என்கிறாள். அப்போதும் ஒரு கால் தரையில் படவில்லை.

வயது முப்பத்து நான்கு. ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் நான்காவது மாடியில் வேலை. முட்டி மோதிய வண்டிகளின் படங்களைப் பார்த்து, சேதம் உண்மையா, உண்மை மாதிரி செய்யப்பட்டதா என்று சொல்ல வேண்டும். 'நிறுத்தி வைத்திருந்த கார் தானாகவே போய் மரத்தில் இடித்துக்கொண்டது' என்று எழுதுகிறவர்களை நாள் முழுக்கப் படிக்கிற வேலை. அதை அவள் நின்றுகொண்டே செய்கிறாள். மேசைமேல் இரண்டு காகிதப் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் கணினித் திரையை ஏற்றியிருக்கிறாள். விசைப்பலகை, கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடையின்மேல் இருக்கிறது. சிக்கலான விண்ணப்பம் வந்தால் தன்னை அறியாமல் ஒரு காலைத் தூக்கி மடித்துக்கொள்வாள். அலுவலகத்தில் அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர் வந்தது அப்படித்தான்.

பெயர் வைத்தவள் பக்கத்து மேசைக்காரி. "கொக்குக்கு ஒண்ணே மதின்னு சும்மாவா சொன்னாங்க. அக்கா, உங்க நாற்காலி சும்மாதானே கெடக்கு? நான் கால் நீட்டிக்கிறேன்" என்று இழுத்துக்கொள்வாள். கொக்கு கோபிப்பதில்லை. "நீட்டிக்கோ நீட்டிக்கோ. ஒரு நாள் நீட்டின காலை மடக்க முடியாம என்னையத்தான் கூப்பிடுவ" என்பாள்.

தண்ணீர் குடிக்க அவள் வைத்திருப்பது ஒரு சின்னஞ்சிறு தம்ளர். பெரிய பாட்டில் இருந்தால் எழுந்து போகிற சாக்குப் போய்விடுமாம். கைப்பேசி அடித்தால் நடந்துகொண்டே பேசுவாள். கணவர் கூப்பிட்டால் தண்ணீர்க் குழாய் வரைக்கும் போய்த் திரும்புவாள். அவர் சிக்கனமாகப் பேசுகிறவர். அம்மா கூப்பிட்டால் சாமான் அறை, மாடிப்படி, மறுபடி சாமான் அறை. "இன்னைக்கு அம்மா மூணு ரவுண்டு பேசிட்டாங்கபோல" என்று யாராவது சொல்வார்கள். மின்தூக்கியில் அவளை யாரும் பார்த்ததில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்பு அவளும் எல்லாரையும் போல உட்கார்ந்திருந்தவள்தான். ஒரு நாள் காலையில், தரையில் கிடந்த மகளின் காலுறையை எடுக்கக் குனிந்தாள். காலுறை கையில் வந்துவிட்டது, நிமிரத்தான் முடியவில்லை. முதுகில் யாரோ ஆப்பு வைத்து அடித்த மாதிரி ஒரு பிடிப்பு. குனிந்தபடியே நின்றாள். மகள் அதை விளையாட்டு என்று நினைத்து எதிரே வந்து, இரண்டு கைகளையும் உயர்த்தி, "தூக்கு" என்றாள். தூக்க முடியவில்லை. "தூக்கும்மா" என்று மறுபடி சொன்னாள். அந்தக் கைகள் சிறிது நேரம் காற்றில் நின்று, பிறகு இறங்கி, அப்பாவிடம் போய் உயர்ந்தன. அதற்குப் பிறகு பல வாரங்கள், தூக்க வேண்டுமென்றால் குழந்தை நேராக அப்பாவிடமே போனது. முதுகு வலியைவிட அவளை வாட்டியது அதுதான்.

வைத்தியம் பார்த்த இயன்முறை மருத்துவப் பெண் அவளைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரியது. முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் வயசாகல. துருப்பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். சின்ன வயசுல ஓடி ஆடினதுண்டா?" என்று கேட்டாள்.

உண்டா என்றா கேட்டாள்? கொக்குக்கு அந்தச் சிகிச்சை மேசைமேல் குப்புறக் கிடந்தபடியே சிரிப்பு வந்தது.

அவள் வளர்ந்தது ஓர் ஒற்றை அறை வீட்டில். அதில் நாற்காலியே கிடையாது. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, அதே தரையில் படித்து, அதையே துடைத்துவிட்டுப் படுப்பார்கள். எழுந்திருக்கக் கை ஊன்ற வேண்டும் என்பதே அன்று யாருக்கும் தெரியாது. சந்தில் நொண்டி ஆட்டம் நடக்கும். ஒற்றைக்காலில் துள்ளித் துள்ளி மற்றவர்களைப் பிடிக்க வேண்டும். சந்தின் முனையில் தொடங்கினால் கால் மாற்றாமல் மறுமுனை வரை போவாள். பெரிய பையன்களே, "அவ நொண்டினா நான் ஆட்டத்துக்கு வரல" என்று ஒதுங்குவார்கள். குழாயடியில் குடம் வைத்திருந்தவர்கள், "இவளுக்குக் காலா, இல்ல வில்லா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அன்று உடம்பு என்ற ஒன்று இருந்ததாகவே நினைவில்லை. நினைத்த இடத்தில் அவள் இருந்தாள், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. நீராவி இஸ்திரி மேசைக்கு முன்னால் காலை முதல் மாலை வரை நிற்க வேண்டும். அந்தக் கூடத்தில் ஒரே ஒரு நாற்காலிதான், அது மேற்பார்வையாளருடையது. வீட்டுக்கு வந்ததும் அம்மா தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். கெண்டைக்காலில் நரம்புகள் நீல நூல் சிக்கலாகப் புடைத்திருக்கும். கஞ்சி போட்ட துணியின் மணம் அவளிடமிருந்து வரும். பிறகு குப்புறப் புரண்டு, "ஏறி மிதிடி தங்கம்" என்பாள். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தக் கால்களின்மேல் மெல்ல நடப்பாள். கீழேயிருந்து ஒவ்வொரு நாளும் ஒரே வாக்கியம் வரும்: "நீ உக்காந்து வேல பாக்கணும். எனக்கு அது போதும்."

பத்தாம் வகுப்பு வந்ததும் நொண்டி ஆட்டம் நின்றது. "ஆடினது போதும், உக்காந்து படி." குடத்தைத் தொட்டால், "பேனா புடிக்கிற கை, வெச்சிடு." துடைப்பத்தை எடுத்தால், "நான் செத்தா போயிட்டேன்?" இப்படியாக அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி உட்கார வைத்தே வளர்க்கப்பட்டாள். வேலையில் சேர்ந்த அன்று அம்மாவும் நான்காவது மாடி வரை வந்தாள். சுழல் நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் அதில் உட்கார்ந்து, கால் விரலால் தரையை உந்தி, ஒரு சுற்றுச் சுற்றினாள். மறுநாள் சலவைக்கூடம் முழுக்கச் செய்தி: "என் பொண்ணுக்குச் சுத்துற நாற்காலி!"

அந்த நாற்காலியைத்தான் இப்போது பக்கத்து மேசைக்காரி கால் நீட்டப் பயன்படுத்துகிறாள்.

அம்மா ஓய்வு பெற்று, மூட்டு வலியோடு மகள் வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதங்கள் ஆகின்றன. இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் உட்கார வைக்க அந்த வீட்டில் ஓயாமல் போராடுகிறார்கள். குனிந்து தரை துடைப்பது முதுகுக்கு நல்லது என்று இவள் எழுந்து வந்தால், தரை ஏற்கெனவே பளபளக்கிறது. "யாரும்மா துடைக்கச் சொன்னா? உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?" "என் முட்டி போனது போனதுதான். நீ ஆபீஸ் போறவ, உக்காரு." துடைக்கிற குச்சியை இவள் பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அம்மா பழைய துண்டைக் கையில் எடுத்தாள். துண்டையும் ஒளித்தாள். அம்மா மருமகனின் பனியனை எடுத்தாள். "மாமியாரும் மருமகளும் சண்டை போட்டா ஊரே வேடிக்கை பாக்கும். இது ஒரு தினுசா இருக்கே" என்றார் அவர், பனியனைத் தேடியபடி.

அலுவலகத்தில் நின்று வேலை செய்வதை மட்டும் அவள் அம்மாவிடம் சொல்லவே இல்லை. முதுகு பிடித்த கதையும் சொல்லப்படாததுதான். அப்போது அம்மா தனியாக இருந்தாள், மகளுக்குக் காய்ச்சல் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள். "ஆபீஸ்ல நல்லா உக்காந்துதானே இருக்க?" என்று அம்மா கேட்டால், "ஆமாம்மா" என்பாள். ஒருத்தி ஆயுள் முழுக்க நின்று வாங்கித் தந்ததை வேண்டாம் என்று தள்ளி வைப்பது என்ன குணம்? நன்றியில்லாத்தனமா? அம்மாவின் கால்களை மிதித்து மேலே வந்தவளுக்கு, 'எனக்கு நிற்கத்தான் பிடிக்கிறது' என்று சொல்ல வாய் வருமா? பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடக்கும்போது இதையெல்லாம் நினைத்துக்கொள்வாள். நடையைக் குறைத்ததில்லை.

போன மாதம் ஒரு நாள், படிக்கிற கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தாள். மாலை நெருங்குகிற வேளையில் அம்மா அதை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நான்காவது மாடியில் மின்தூக்கி திறந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே மகள் மட்டும் நின்றிருந்தாள். அதுவும் ஒற்றைக்காலில்.

அம்மா மகளிடம் வரவில்லை. நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவும் இல்லை.

"சார், அவ என்ன தப்புப் பண்ணா?"

மேலாளர் மிரண்டு எழுந்தார். "யாரும்மா நீங்க? யாரச் சொல்றீங்க?"

"என் பொண்ணு சார். எல்லாரையும் உக்கார வெச்சிருக்கீங்க. அவள மட்டும் நிக்க வெச்சிருக்கீங்க. ஒத்தக்கால்ல வேற. பள்ளிக்கூடத்துல கூட அவள யாரும் நிக்க வெச்சதில்ல சார்."

"ஐயோ, நான் நிக்க வைக்கலம்மா. அவங்களாத்தான் நிக்கிறாங்க."

"அவளா எதுக்கு நிக்கிறா? அவ நிக்கக்கூடாதுன்னுதான சார் நான் நின்னேன்."

கூடத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றுபோனது. பக்கத்து மேசைக்காரி நாற்காலியிலிருந்து காலைச் சட்டென்று இறக்கினாள். மகள் ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். மேலாளர் ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். அம்மா அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அவ உக்காரட்டும்" என்றாள்.

உட்கார்ந்திருக்கலாம். இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் அம்மா கண்ணாடியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போயிருப்பாள். நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டவள், விட்டுவிட்டாள்.

"அம்மா, எனக்குக் காய்ச்சல்னு சொன்னோமே, அது காய்ச்சல் இல்ல. முதுகு புடிச்சுக்கிச்சு. பாப்பா தூக்குன்னு கை நீட்டினா, என்னால தூக்க முடியல. உக்காந்து உக்காந்துதாம்மா அப்படி ஆச்சு. நான் நிக்கிறது அதுக்குத்தான்."

அம்மாவுக்குப் புரியவில்லை. ஆயுள் முழுக்க எந்த வலிக்கும் அவள் அறிந்த ஒரே மருந்து உட்காருவதுதான். "உக்காந்தா யாருக்காவது வலி வருமா?" என்று கேட்டாள். ஏளனமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

 "எனக்கு வரும்மா, இடுப்புல" என்றாள் பக்கத்து மேசைக்காரி. மூலையிலிருந்து ஒருவர், "எனக்குக் கழுத்து" என்றார். "தோள்பட்டை." "மணிக்கட்டு." கடைசியில் மேலாளர் தயங்கி, "எனக்குக் கால் மரத்துப்போகும்மா" என்றார். அம்மா ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றிப் பார்ப்பதுபோல. "அட பாவமே, இத்தனை பேருக்குமா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. மகளிடம் திரும்பி, "புள்ள கை நீட்டினப்ப தூக்க முடியலயா?" என்று மட்டும் கேட்டாள்.

"முடியலம்மா. இப்ப தூக்குறேன். மூணு மாடிக்குக்கூடத் தூக்கிட்டுப் போறேன்."

அம்மா கண்ணாடிக் கூட்டை அவள் கையில் வைத்தாள். மேலாளரிடம், "மன்னிச்சுக்கோங்க சார், கொஞ்சம் எழுந்து நடந்துக்கோங்க" என்றாள்.

அலுவலகம் முடிந்து இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள். மின்தூக்கிக்கு முன்னால் மகள், "நீ இதுல போம்மா. நான் படியில வரேன்" என்றாள். "நானும் படியிலயே வரேன்." "உன் முட்டிய வெச்சுக்கிட்டா? ஏறு." அம்மா உள்ளே போனாள். கதவு மூடியது.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் கொக்கு இறங்கியபோது, மின்தூக்கி திறந்து கிடந்தது. அம்மா உள்ளே நின்றிருந்தாள். எல்லா மாடிகளின் பொத்தான்களையும் அழுத்தி வைத்திருந்தாள். வரிசையாக விளக்கு எரிந்தது. "வலிக்குதா?" "இல்லம்மா." கதவு மூடியது. இரண்டாவது மாடியிலும் திறந்தது. "மூச்சு வாங்குது பாரு." "வாங்கட்டும், அது நல்லதுதான்." மூடியது.

முதல் மாடியில் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கதவு மூடப் பார்த்தபோது ஒரு காலை வெளியே வைத்துத் தடுத்தாள். கையை நீட்டி, மகளின் தோளில் தொங்கிய பையைக் கழற்றித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.