உலகத்துக்கே கொடுக்கலாம், மச்சானைத் தவிர

விருத்தாசலத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற முதலாளி ஒருவருக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். சூளையில் சரக்கு எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வெந்தது, எவ்வளவு விரிசல் விட்டது என்று பதிந்துவைத்து, அடுத்த முறை சூட்டை எப்படி ஏற்றலாம் என்று அது சொல்லும். அதில் பாதி என்னுடையது இல்லை. முகம் தெரியாத யாரோ எழுதிப் பொதுவில் வைத்திருந்ததை எடுத்துத்தான் செய்திருந்தேன். அவர்களுடைய நிபந்தனை ஒன்றுதான்: இதிலிருந்து செய்ததை யாருக்குக் கொடுத்தாலும் இதே உரிமையோடு கொடுக்க வேண்டும். வாங்கியவர் திருத்தலாம், வேறு யாருக்கும் கொடுக்கலாம்.

இதை முதலாளியிடம் சொல்லப் பயந்தேன். சொன்னதும் அவரோ மனம் குளிர்ந்துபோனார். "உலகம் பூரா நம்ம கம்பெனி பேரு தெரியும்ல? நெட்டுலயே போட்டு வுடும்மா" என்றார். அந்த நிபந்தனை எழுதிய உரிமத்தை அச்செடுத்து வரச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டார். பிறகு பேனாவை எடுத்துக் கடைசியில் ஒரு வரி சேர்த்தார். 'மதில் சுவருக்கு மேற்கே உள்ள கம்பெனி நீங்கலாக.'

மேற்கே இருப்பது அவருடைய மச்சான் கம்பெனி. மனைவியின் தம்பி. அங்கேயும் ஃபியூஸ் கட்டைதான். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

"சார், யாரையும் விலக்க முடியாது. அதான் கண்டிஷனே."

"அமெரிக்காக்காரன் எடுத்துக்கட்டும், சைனாக்காரன் எடுத்துக்கட்டும். அவன் எடுக்கக் கூடாது."

"சைனாக்காரன்கிட்டேருந்து அவரு வாங்கிட்டாருன்னா?"

தீவிரமாக யோசித்தார். "அப்ப சைனாவையும் எடுத்துடு."

மறுநாள் அந்த வரி 'மனைவி வகையறா நீங்கலாக' என்று மாறியிருந்தது. தினமும் சூளை விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதிகிறவர் அவர் மனைவிதான். "அப்ப நானும் தொடக் கூடாதா? நானும் அந்த வகையறாதானே?" என்று கேட்டார் அந்த அம்மா. முதலாளி அசரவில்லை. 'மனைவி வகையறா நீங்கலாக, மனைவி உட்பட' என்று எழுதினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த வரியை அடிக்காவிட்டால் மென்பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றேன். முனகிக்கொண்டே அடித்தார். "எடுத்துட்டுப் போவட்டும். ஆனா நான் குடுத்ததா இருக்கக் கூடாது."

அன்றைக்கே இணையத்தில் ஏற்றினேன். நல்ல செய்தியை நானே சொல்லலாம் என்று மச்சான் கம்பெனிக்கும் போனேன். எனக்கு அவ்வளவு பெருமிதம். அங்கே ஒரு சூளைச் சரக்கு முழுவதும் விரிசல் விட்டுத் தரையில் குவிந்து கிடந்தது. இந்த மென்பொருள் ஊரில் யாருக்காவது அவசியம் என்றால் அது அவருக்குத்தான். அது இருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்து போனை நீட்டினேன்.

"மாமா குடுக்கச் சொன்னாரா?"

"அவரு சொல்லத் தேவையில்லண்ணே. இது எல்லாருக்கும் பொது."

போனை என் பக்கமே தள்ளிவிட்டார். "அக்கா பொண்ணு சடங்குக்கும் இப்படித்தாம்மா. வாட்ஸ்அப் குரூப்புல பத்திரிகை போட்டாரு, அனைவரும் வருகன்னு. நான் தாய்மாமன். அனைவர்ல நானும் ஒருத்தனா? இது எனக்கு வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. சைனாக்காரனுக்கும் அவருக்கும் ஒரே அழைப்பைத்தான் நானும் நீட்டியிருந்தேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் முதலாளியிடம் ஒப்பித்தேன். "பென்டிரைவ்ல போட்டுக் குடு" என்றார்.

மறுநாள் காலை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், சந்தனம், குங்குமம், நடுவில் பென்டிரைவ். கணவனும் மனைவியும் முன்னே போக, கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க நான் பின்னாலேயே போனேன். மச்சான், "வாங்க மாமா" என்றார். தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கி, மரியாதையாகப் பென்டிரைவுக்குச் சந்தனம் வைத்தார். சந்தனம் அதன் வாய்க்குள் போய்விட்டது. கம்ப்யூட்டரில் செருகினால் ஒன்றும் தெரியவில்லை.

"வுடுங்கண்ணே, நெட்டுலேருந்தே ரெண்டு நிமிஷத்துல எறக்கிடறேன்."

"அதெல்லாம் வேணாம் தங்கச்சி. மாமா கொண்டாந்ததுலேருந்துதான் போடணும்."

நான் பென்டிரைவின் வாயை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், சந்தனம் வரவில்லை. இரண்டு வருஷமாக அந்த வாசலை மிதிக்காத முதலாளி, மச்சானிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவர் மேசை டிராயரை இழுத்துத் துழாவி, எனக்கு ஒரு குண்டூசி எடுத்துக் கொடுத்தார்.