கதவருகே நின்றுபோன பொம்மைப் படம்

அந்த சிடியை வெயிலில் சாய்த்துப் பிடித்தால், சாயப்பட்டறை ஓடையில் மிதந்து போகுமே, அந்த நிறமெல்லாம் அதில் நெளியும். மூக்கருகே கொண்டுபோனால் அப்பாவின் சட்டையில் எப்போதும் அடிக்கும் பட்டறை மருந்தின் காரநெடி லேசாக வரும். பட்டறைகள் மூடிக் கிடந்த சமயத்தில், சூரத்தில் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, ரயில் ஏறுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, பழைய சாமான் விற்கும் சந்திலிருந்து அவர் அதை வாங்கிவந்தார். உறையில் கண் பெரிதாக ஒரு பெண் படம் வரைந்திருந்ததால் குழந்தைகளுக்கானது என்று நினைத்துவிட்டார். "பொம்மப் படம்ட்டி, ரெண்டு பேரும் சண்ட போடாமப் பாருங்க" என்று என் அக்கா எஸ்தர் கையில் கொடுத்தார். அவர் விட்டுப்போன பொருள்களில் வேலை செய்தது அது ஒன்றுதான், அதுவும் அரைகுறையாக.

அது ஜப்பான் படம், ஒரு வார்த்தை புரியாது. முதலில், ஒரு சிறுமி தனியாக இருக்கும் வீட்டில் தரையிலிருந்து தண்ணீர் ஊறிக் கூரைவரை ஏறும், ஜன்னல் வழியாக மீன்கள் உள்ளே வரும், அவள் பாட்டுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பாள். அப்புறம் இரண்டு நிலாக்களுக்கு நடுவே தண்டவாளமே இல்லாமல் ஒரு ரயில் ஓடும். ஓட்டுகிறவர் பிரேக்கை இழுத்து இழுத்துப் பார்ப்பார், நிற்காது. கடைசியில், விண்வெளியில் மிதக்கும் வெள்ளைக் கப்பலுக்குள் ஒரு கிழவி மட்டும் இருப்பாள். வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டுவார்கள். அவள் நீண்ட வழியில் மெதுவாக நடந்துபோய்க் கைப்பிடியில் கை வைப்பாள். முதல் தடவை பார்த்தபோது சரியாக அந்த இடத்தில் கரண்ட் போய்விட்டது.

படம் என்றால் ஒரே கதை என்று பழகிய வீடு எங்களுடையது. ஒரு படத்துக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று கதைகள் இருக்கலாம் என்று எங்களுக்கு யார் சொல்வார்கள்? "அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லியாம்மா?" என்று எஸ்தர் கேட்டாள். வாரம் முழுக்க பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து இடுப்பொடிந்து படுத்திருந்த அம்மா, கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "ஏன் இல்லாம? ரயிலு ஓட்டுதாருல்லா, அவருதான் அவ அப்பா. மவளப் பாக்கத்தான் வாராரு, வண்டி நிக்க மாட்டேங்கு. அவ கெழவி ஆன பொறவு வந்து கதவத் தட்டுதாரு." எப்படித் தெரியும் என்றோம். "கம்பெனில கை தனியா, கழுத்து தனியா, ஒடம்பு தனியாத்தான் வரும். தெச்சு முடிச்சாத்தான சட்டைன்னு தெரியும்?"

நாங்கள் நம்பினோம். கதவு திறந்து அந்த அப்பா தெரிகிற நாளில் எங்கள் அப்பாவும் வந்துவிடுவார் என்று எஸ்தர் தானாக ஒரு முடிவும் கட்டிக்கொண்டாள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டபோது, கிழவியின் கை கைப்பிடியைத் தொட்டதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். எஸ்தர் பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தாள், பற்பசை தேய்த்தாள், வாழைப்பழத் தோலைக்கூட விடவில்லை. அப்பாவின் போன் வீட்டுக்கார அக்காவின் எண்ணுக்குத்தான் வரும். முதலில் வாராவாரம் வந்தது, பிறகு மாதம் ஒன்று என்றானது. "இன்னைக்கும் போன் வரலயே கண்ணு, ஊட்டுக்குள்ள போயி வெளையாடுங்க" என்று அந்த அக்கா சொல்லும்போது எஸ்தர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும். ஒரு கட்டத்தில் போனும் நின்றது, சிடி போடுவதும் நின்றது.

இப்போது நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பகலெல்லாம் ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர்களுக்குப் பதில் எழுதிவிட்டு வீடு திரும்பினால் பேசக்கூடத் தெம்பிருப்பதில்லை. சிடிக் கடைகள் இருந்த தெருவில் செல்போன் உறை தொங்குகிறது. நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் ஒடிசாக்காரப் பையன்கள் துணி காயப்போடுகிறார்கள். எஸ்தர் வெள்ளகோவிலில் குடும்பம், குழந்தை என்றிருக்கிறாள். அப்பாவைப் பற்றிக் கேட்பதில்லை. அப்பா வரவேயில்லை.

போன வாரம் மீன், ரயில், கிழவி என்று செல்போனில் தட்டித் தேடியதில் அந்தப் படம் கிடைத்தது. மூன்று பேர் எடுத்த மூன்று குட்டிப் படங்களைச் சேர்த்து ஒன்றாக வெளியிட்டிருக்கிறார்கள். ஞாயிறு மத்தியானம் அம்மாவை எழுப்பி உட்காரவைத்துக் காட்டினேன். கிழவி கதவைத் திறக்கிறாள். வெளியே யாரும் இல்லை, இருட்டுதான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போகிறாள். படம் முடிகிறது.

அம்மாவிடம் ஆச்சரியமே இல்லை. "நான் அப்பவே பாத்துட்டேன்ட்டி" என்றாள். "மொத தடவ கரண்ட் போச்சுல்லா, அந்த வாரம் ஒரு நா கம்பெனி லீவு. நீங்க ஸ்கூலுக்குப் போன பொறவு தனியா போட்டுப் பாத்தேன். ஒருத்தரும் வரல. எஸ்தரு இதப் பாத்தா தாங்க மாட்டாளேன்னு நூலு வெட்டுத கட்டரால சிடி ஓரத்துல கோடு கிழிச்சுட்டேன்."

"அப்போ மூணும் வேற வேற கதைன்னும் தெரியுமா?"

"கெழவி மூஞ்சியப் பாத்தா அந்தப் பிள்ள இல்லன்னு தெரியாதாக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அந்தக் கதவு இன்றைக்காவது திறக்காதா என்று நாங்கள் ஏங்கிக்கொண்டிருந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும், வெளியே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டே அம்மாவும் எங்களோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.