கத்திரிக்காவின் ‘ஒண்ணுமில்ல’

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பேனா போன்ற மருந்து ஊசி. குளிர் விடும்வரை அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு என் முடியை வெட்டுகிறாள். “அசையாதீங்க சார். இருக்கறதே நாலு முடி. அதுல ஒண்ணு போச்சுன்னா நான் பொறுப்பில்ல.”

முடிவெட்டும் கடை நடத்தும் கத்திரி அக்கா. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்திரிக்கா ஆகிவிட்டாள். “பூசணிக்கான்னு கூப்பிடாம விட்டீங்களே!” என்பாள்.

பக்கத்துத் தையல் கடைக்காரர் அவள் கணவர். நாள் முழுக்க ஊசியோடு குடித்தனம் நடத்துகிற மனிதர், இந்த ஊசியைக் கண்டால் ஒரே ஓட்டம்! அவளே பின்னறைக்குப் போய்த் தொடையில் போட்டுக்கொண்டு சிரித்தபடி வருவாள். வாரா வாரம், வருஷக்கணக்காக.

நோயின் பெயர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். “நம்ம உடம்போட காவல்காரனே நம்ம நரம்பைக் கடிக்கிறான் சார். அறிவுகெட்டவன்!” வரும், போகும், மறுபடி வரும். ஒருமுறை வலது கை மரத்துக் கத்திரி நழுவியது. கடையை மாதக்கணக்கில் பூட்டினாள். மருந்து நோயைப் போக்காது. அடுத்தது வராமல் முடிந்தவரை தடுக்கும்.

“அதான் ஒண்ணும் வரலையே அண்ணி, இன்னும் எதுக்கு ஊசி?” என்றாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனார்.

கத்திரிக்கா சீப்பை நீட்டினாள். “முடி கண்ணுல விழலைன்னு வெட்டாம இருப்பியா? வெட்டுறதாலதான்டி விழல!”

இன்று ஸ்கேன் முடிவு தெரியும் நாள். மூளையில் புதுப் புள்ளி இருந்தால் இந்த மருந்து கைவிட்டது என்று பொருள். அந்தக் கை மறுபடி போகலாம். பயம் வந்தால் அவளுக்கு வாய் இரண்டு மடங்காகும், காலையிலிருந்து ஓயவில்லை. போன் அடித்தது. கத்திரியை வைத்துவிட்டு எடுத்தாள்.

“சொல்லுங்க டாக்டர்... சரி... சரிங்க.”

கழுத்தில் அளவு டேப் தொங்கக் கணவர் ஓடி வந்தார். “என்ன சொன்னாங்க?”

“ஒண்ணுமில்ல!”

மனிதர் வெளுத்துப்போனார். பாவம், கல்யாணமான நாளிலிருந்து அவள் ‘ஒண்ணுமில்ல’ என்றால் என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்! “மறைக்காத, எதுவானாலும் சொல்லு.”

“ஐயோ, நிஜமாவே ஒண்ணுமில்லய்யா! புதுப் புள்ளி ஒண்ணுகூட இல்ல!”

வெட்டிய முடிமேலேயே உட்கார்ந்து அவர் அழுதார், சிரித்தார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கத்திரிக்கா வலது கையால் என் நாற்காலியின் முதுகைப் பிடித்து, பாதி வெட்டிய தலையோடு என்னைப் பம்பரமாகச் சுற்றிவிட்டாள்.