வளைத்துப் பொருத்திய விரல்

குருநகரில் எங்கள் வள்ளத்தில் நானும் என் மனைவியின் அண்ணனும்தான் தொழிலுக்குப் போவோம். எழுபதுகளின் நடுவில் ஒருநாள், வலையிலிருந்து திருக்கை மீன் ஒன்றைக் கழற்றும்போது அதன் முள் என் வலது சுட்டுவிரலின் நடு மூட்டில் ஏறிவிட்டது. கைவைத்தியத்தோடு நாளைக் கடத்தினேன். விரல் வீங்கிச் சீழ் பிடித்தது. ஆஸ்பத்திரியில் புண்ணை ஆற்றினார்கள். ஆனால் மூட்டு உள்ளே அரித்துப்போயிருந்தது. கயிற்றைப் பிடித்தாலே நோவில் கண் இருண்டது.

எலும்பு டொக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ரெண்டு எலும்பையும் ஒண்டாப் பொருத்திவிட்டால் நோ போயிடும். ஆனால் பிறகு அந்த இடத்தில மடக்க ஏலாது. நீர் என்ன தொழில்?”

“கடல் தொழில் ஐயா.”

“அப்ப நேராய் வைக்கிறதோ, வளைச்சு வைக்கிறதோ?”

நேராக இருந்தால் பார்க்கிறவர்களுக்குக் குறை தெரியாது, கோயிலில் ஒழுங்காகக் கைகூப்பலாம் என்று மனம் ஓடியது. பக்கத்தில் நின்ற மனைவிதான் வாயைத் திறந்தாள்.

“வளைச்சு விடுங்கோ ஐயா. இவர் வலை இழுக்கவேணும்.”

டொக்டர் தன் பேனையை என் கையில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். “கயிறு இதைவிடத் தடிப்பு” என்றேன். இன்னொரு பேனையையும் சேர்த்து வைத்து, விரல் வளைந்த அளவைக் குறித்துக்கொண்டார்.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு விரல் நுனியில் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தானை மனைவி பூட்டிவிட்டாள். சோற்றைக் கரண்டியால் அள்ளினேன். மச்சான் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்வந்தார். அந்த வள்ளம் புறப்படும் நேரத்தில் நான் கடற்கரைப் பக்கம் போவதில்லை.

கம்பியைக் கழற்றிய பிறகு மற்ற விரல்களும் மரம்போல நின்றன. ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து அவற்றை வழிக்குக் கொண்டுவந்தேன். ஒருநாள் மச்சானிடம் போய், “நாளைக்கு நான் வாறன்” என்றேன்.

கடலில் அவர், “நீ சுக்கானைப் பிடி, வலையை நான் பாக்கிறன்” என்றார்.

“சுக்கான் பிடிக்கவோ நான் விரலை வெட்டக் குடுத்தனான்?”

அவர் விலகி இடம்விட்டார். கயிற்றைப் பற்றினேன். விரல் கொளுக்கிபோல அதைக் கவ்விப் பிடித்தது. நோவே இல்லை. பாதி வலை ஏறியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் மீன் கழற்றத் தொடங்கியதும் அதே விரல் வலைக் கண்ணியில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் சிக்கியது.

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “மீனை விட நீயெல்லோ நல்லாய்ப் பட்டிருக்கிறாய்!”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முள் ஏறிய நாளுக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். பிறகு பெருவிரலாலும் நடுவிரலாலும் மெல்ல மெல்லக் கழற்றப் பழகினேன்.

கரை சேர்ந்ததும் மச்சான் வலையை உதறிக்கொண்டே சொன்னார்: “நாளைக்கு வெள்ளன வா. மற்ற ஆளை நான் வரவேண்டாமெண்டிட்டன்.”

“ஓம்” என்றேன்.