சீனா அக்காவும் ஏழாம் இலக்கக் கழுகும்

வீட்டை விட்டுப் போன பிள்ளை போன் எடுக்காவிட்டால் மனம் கலங்கும், இல்லையா? அப்படிக் கலங்குவதற்கே எனக்குச் சம்பளம் தருகிறார்கள். பறவைகளின் முதுகில் கட்டும் சிறு கருவிகளைச் செய்கிற கம்பனி எங்களுடையது. அலுவலகம் ஆக்லாந்து நகர மையத்தில். என் பொறுப்பில் கனடாவின் மேற்குக் கரையில் பன்னிரண்டு வெண்தலைக் கழுகுக் குஞ்சுகள். கூட்டை விட்டுக் கிளம்பியபின் எது எங்கே போகிறது, எது பிழைக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றைக்கூட நேரில் கண்டதில்லை. பிள்ளைகளைத் தூர அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருப்பவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

விசா இல்லாமல் சீனா

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். அதற்கு முன் ஆக்லாந்தின் தெற்கே விரி என்ற பகுதியில் ஒரு வேர்ஹவுஸில் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தவள் நான். பெட்டி பாவம், வைத்த இடத்தில் இருக்கும். நியூசிலாந்து பூமிப்பந்தின் கிழக்குப் பாதியில் இருப்பதால், இங்குள்ள இடங்களின் தீர்க்கரேகை எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வராது. கனடா மேற்குப் பாதி. அங்கே கட்டாயம் வரும். இது தெரியாமல் எல்லா எண்களையும் குறி இல்லாமல் ஏற்றிவிட்டேன். பன்னிரண்டு குஞ்சுகளும் ஒரே நாளில் பசிபிக் கடலைத் தாண்டிச் சீனாவில் நின்றன. அடடா, என்ன பறவையடா என்று பூரித்துப்போய், அலுவலகம் முழுவதற்கும் கனடாவில் இருக்கும் உயிரியலாளர் மார்க்ரெட்டுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன்.

மேலாளர் ஹெலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறியைக் காட்டினார். அன்றிலிருந்து என் பெயர் சீனா அக்கா. பெயர் வைத்தவன் பக்கத்து மேசை யோகன், மானிப்பாய்க்காரன். "உங்கட கழுகுகளுக்கு ஒரே நாளில விசா குடுத்திட்டாங்கள் அக்கா. என்ர அம்மாவுக்கு ரெண்டு வருஷமா இழுக்கிறாங்கள்."

எங்கே வெள்ளைத் தலை?

ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் ஒரு பிறந்தநாள் விருந்து. மலேசியாக்காரத் தோழி சாந்தியிடம் கழுகுப் படத்தைக் காட்டிப் பெருமையடித்தேன். "வெள்ளைத் தலைன்னு சொன்னீங்க, முழுசா பழுப்பா இருக்கே?" என்றார். குஞ்சுக்குத் தலை வெளுக்க ஐந்து வருடமாவது ஆகும் என்று விளக்கினேன். சாந்தி, பிரியாணிச் சட்டியருகே நின்ற கணவரை ஒரு பார்வை பார்த்தார்.

"அஞ்சு வருசமா? எங்க வீட்டுக்காரருக்குக் கல்யாணமாகி ஒரே வருசத்துல வெளுத்துருச்சு லா."

ஏழு எங்கே?

கூட்டிலிருந்து கடைசியாகக் கிளம்பியது ஏழாம் இலக்கம். பறக்கப் பழகும்போது இரண்டு முறை கிளையிலிருந்து விழுந்த நோஞ்சான். என் மகள் கிறைஸ்ட்சர்ச்சுக்குப் படிக்கப் போன அதே வருடம் என்பதாலோ என்னவோ, அதன்மேல் எனக்குத் தனிப் பாசம். ஆகஸ்டில் ஒருநாள் அதன் கருவி பேசாமல் போயிற்று. அறுபது நாள் மௌனமாக இருந்தால் இறந்ததாக எழுதி, இணைப்பையும் துண்டித்துவிடுவது எங்கள் வழக்கம். பிறகு அது உயிரோடு வந்து நின்றாலும் எங்களுக்குத் தெரியப்போவதில்லை.

எனக்கு மனம் ஆறவில்லை. கடைசிப் புள்ளிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். செத்த பறவை ஓரிடத்தில் கிடக்கும். இது கரையோரமாக நேரே வடக்கே போயிருந்தது. அந்தப் பக்கம் போன் கோபுரங்கள் இல்லை. கோபுரம் இல்லாத இடத்தில் கருவி எல்லாவற்றையும் தனக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும், கோபுரம் கிடைத்ததும் மொத்தமாக அனுப்பும். அலாஸ்காவுக்கு சால்மன் மீன் தின்னப் போயிருக்கிறது, திரும்பி வரும் என்று மார்க்ரெட்டிடம் வாதாடினேன். சீனா அக்கா சொன்னால் யார் நம்புவார்கள்? மார்க்ரெட் பதில் எழுதினார்:

"ஏழுக்காக நானும் அழுதுவிட்டேன். ஆனால் உங்கள் கழுகுகள் போகாத ஊருக்கும் போகும் என்பதை நான் மறக்கவில்லை."

வெள்ளி இன்னும் விடியவில்லை

அறுபதாம் நாள் வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு இணைப்பைத் துண்டிக்க ஹெலன் கணினி முன் உட்கார்ந்தார். நான் குறுக்கே போய் நின்றேன். கனடாவில் இப்போது வியாழன் இரவு ஒன்பது மணி. கழுகு இருக்கிற ஊரில் அறுபதாம் நாள் இன்னும் விடியவே இல்லை என்றேன். ஹெலன் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த முறை கணக்கு சரி. நாளை மாலை வரை."

சனிக்கிழமை ரோல்ஸ்

எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். நான் தனியே இருந்து அழுவேன் என்று யோகன் மட்டன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தான். பதினொன்றரைக்குத் திரையில் ஒரு புள்ளி. பிறகு பத்து. பிறகு மழை. இரண்டு மாதப் புள்ளிகளும் கொட்டின. கரையோரமாக அலாஸ்கா வரை ஏறி, அங்கே ஓர் ஆற்றங்கரையில் மூன்று வாரம் உட்கார்ந்து தின்று கொழுத்து, வந்த வழியே இறங்கி, இதோ வான்கூவருக்கு அருகே ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் நின்றது என் நோஞ்சான்.

முதலில் கழித்தல் குறியைப் பார்த்தேன். இருந்தது. அதன் பிறகுதான் கத்தினேன். யோகன் கையிலிருந்த ரோல்ஸ் கீழே விழுந்தது. வெற்றி என்றால் இப்படித்தான் இருக்கும் போலும். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மார்க்ரெட்டுக்கு யோகன்தான் போன் போட்டான். மறுமுனையில் மார்க்ரெட் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"ஹெலனிடம் சொல்லுங்கள்: இனி சீனா அக்காவைக் கேட்காமல் என் கழுகு எதையும் செத்ததாக எழுதக்கூடாது."

பார்த்தே இராத கழுகுக்கு அறுபத்தோராவது நாளையும் வாதாடி வாங்கிக் கொடுத்த நான், கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கும் மகள் போன் எடுக்காவிட்டால் அவளுக்கு மட்டும் இன்னும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தவணை கொடுத்ததில்லை.