கடுகுத் தலையணை

எங்கள் படுக்கையறைக் கதவைத் திறந்தாலே நாற்றம் முகத்தில் அடித்தது. புளித்த பாலும் அழுகிய இலையும் கலந்ததுபோல. மகளுக்கு அப்போது மூன்று மாதம். அவள் காதுகளுக்குப் பின்னால் சிவந்து தோல் உரிந்திருந்தது. தூக்கும்போதெல்லாம் முதலில் மோந்து பார்ப்பேன். அவளிடமும் அதே நாற்றம். பெற்ற பிள்ளையை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று எழுத இன்றும் கூசுகிறது.

பழியை மாமியின் மேல் போட்டேன். கணவரின் அம்மாவான அவர்தான் தினமும் பிள்ளையைக் காலில் கிடத்தி, தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவார்.

"இனி எண்ணெய் வேண்டாம் மாமி. அதுதான் காதுக்குப் பின்னால தங்கி நாறுது."

"எனக்க மகனும் இந்த எண்ணெயில வளந்தவனாக்கும்" என்றார். மறுநாளிலிருந்து குளிப்பாட்ட வரவில்லை. நான் சோப்பு போட்டேன். சிவப்பு இன்னும் பரவியது. தவறு செய்கிறேனோ என்று தோன்றும். உடனே, இல்லை, எண்ணெய்தான் என்று தோன்றும்.

ஒரு சனிக்கிழமை, மழை சற்று விட்டபோது, அறை முழுவதையும் தேடத் துணிந்தேன். கதவின் பின்னால் கணவரின் மழைக்கோட்டு சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்க சாக்ஸயும் மோந்து பாரு. மயங்கி விழுந்தா பிடிக்க ஆளு உண்டு" என்று கட்டிலில் கிடந்தபடி சிரித்தார்.

கல்யாண ஆல்பத்தின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, எங்கள் முகங்களில் பூசணம் பூத்திருந்தது. என் வேதபுத்தகத்தின் தோலுறையிலும் வெள்ளைப் பொடி. பேறுகாலத்துக்கு வாங்கிய அரிஷ்ட மருந்துக் குப்பியின் வாயில் எறும்புகள் செத்து ஒட்டியிருந்தன. சீப்பில் கொட்டிய என் முடி, உருண்டையாய். நாற்காலியில் நேற்றைய நைட்டி, மார்பில் பால் காய்ந்து அட்டையைப்போல விறைத்து. எல்லாமே அருவருப்பாக இருந்தன. பாதிக்கு மேல் என்னுடையவை. ஆனால் அந்த நாற்றம் இவை எதிலும் இல்லை.

கடைசியில் பிள்ளையின் தலையணையைத் தொட்டேன். தலை உருண்டையாக வரவேண்டுமென்று மாமி கடுகு நிரப்பித் தைத்தது. உறை காய்ந்திருந்தது. அழுத்தியபோது உள்ளே குளிர்ந்தது. தையலைப் பிரித்தேன். கடுகு முளைத்திருந்தது. வெள்ளை வேர்கள் புழுக்களைப்போலப் பின்னிக் கிடந்தன. நடுவில் கறுத்து அழுகிய கட்டி.

பத்து நாளுக்கு முன்பு மகள் அதில் பால் கக்கியிருந்தாள். "வெள்ளத்தில முக்காத. வெயில்ல போட்டா போதும்" என்று மாமி சொல்லியிருந்தார். வெயிலே இல்லையே. வெயிலுக்குக் கிருமி சாகுமா என்றும் எனக்குச் சந்தேகம். கடுகோடு அப்படியே சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, மின்விசிறியின் கீழ் வைத்து, இஸ்திரியும் போட்டேன். புது உறை மாட்டி, அவள் தலையை அதில்தான் வைத்தேன். தினமும்.

கணவர் எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்தினார். "கொண்டா, குப்பைக் குழியில போட்டுட்டு வாறேன். அம்மைகிட்ட சொல்லாண்டாம்."

கொடுத்துவிடத்தான் நினைத்தேன். அப்படிச் செய்தால், தன் கை பட்டுத்தான் பிள்ளைக்குப் புண் வந்தது என்று மாமி நம்பிக்கொண்டே இருப்பார். தலையணையை ஒரு பழைய பேசினில் போட்டு அடுக்களைக்குக் கொண்டுபோனேன்.

மாமி கழுவிக்கொண்டிருந்த மீனை விட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"வெள்ளத்தில முக்குனியா?"

"முக்குனேன். எண்ணெய் இல்ல மாமி. நானாக்கும்."

ஒரு முளையைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு, "படிச்சவளுக்க விவசாயம் கொள்ளாம், நல்லா முளைச்சிருக்கு. தேங்கா திருவித் தோரன் வைக்கட்டா?" என்றார். எனக்கு அழுகை வந்தது. அவர் மீன் கையைச் சாம்பல் போட்டுக் கழுவினார். "பிள்ளைய எடு மக்கா."

எண்ணெய் வேண்டாம், வெறும் வெந்நீர் போதும் என்று அவரே சொன்னார். காதுமடலை மடித்து, விரலால் மெல்ல நீர் விட்டார். நான் பக்கத்தில் நின்றேன். மூன்று முறை கையைக் கழுவியும் என் நகக்கண்ணில் அந்த நாற்றம் போகவில்லை.

"கைய மோந்துகிட்டு நிக்காத" என்றார், தலை நிமிராமல். "பிள்ளைக்குக் குளிருது. தொடைக்கத் துவர்த்த எடு. காஞ்சதான்னு பாத்து எடு."